கடல் கடந்த வறுகடலை

கொண்டைக்கடலை மிதமான குளிரும் ஈரங்குறைந்த காற்றும் விரும்பும் பயிர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெறும் அந்தமான் தீவுகள் அதற்கேற்ற நிலமல்ல. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இன்று மாலைச் சிற்றுண்டிக்காக வீடுகளில் மொறுமொறுப்பாக வறுக்கப்படும் கடலையும் கப்பலில் வந்ததுதான். ஆனால் அந்நாளைய கைதிக் கப்பல்களில் வறுகடலை ஏறியதற்குக் காரணம் வேறு.

1858 மார்ச் 10 அன்று மருத்துவர் வாக்கர் 200 கைதிகளுடன் 'செமிராமிஸ்' கப்பலில் வந்திறங்கினார். 1857 கிளர்ச்சியின் விளைவாக உருவான தண்டனைக் குடியேற்றம் அவ்வாறு தொடங்கியது. 'காலாபாணி' எனப்பட்ட கருநீரைக் கடப்பதே சாதியிழப்பு என்று அஞ்சிய காலம் அது. சிறை உணவும் அவ்வச்சத்திலிருந்து விலகியிருக்கவில்லை. 1840களில் வட இந்தியச் சிறைகளில் பொதுச் சமையல் புகுத்தப்பட்டபோது கைதிகள் கடுமையாக எதிர்த்தனர். 1855இல் ஆரா, முசாபர்பூர் சிறைகளில் பித்தளைச் செம்புகளைப் பறித்துக்கொண்டு மண்கலம் கொடுத்ததே கலகத்திற்குப் போதுமானதாயிற்று.

வறுகடலையின் இடம் இங்கேதான் விளங்குகிறது. தீட்டு விதிகளில் தானியத்தைவிட நீரே முதன்மையானது. நீரில் வெந்த உணவு சமைத்தவரின் சாதியைச் சுமந்து வரும். நீர் படாமல் நெருப்பில் மட்டும் பொரிந்தது அவ்வளவாகச் சுமக்காது. தமிழ்நாட்டில் ஆசாரம் மிகுந்த வீடுகளில் 'பத்து' என்று விலக்கப்பட்டதும் வெந்த சோறே. வடக்கே 'பர்பூஞ்சா' எனும் வறுப்போர் சாதியினர் சுடுமணலில் பொரித்த கடலையை உயர்சாதியினரும் தயக்கமின்றி வாங்கினர். ஆகவே கைதிகளை ஏற்றிய கப்பல்களில், சமைத்த உணவை ஏற்காதவர்களுக்கு அவலும் வறுகடலையும் போன்ற உலர் உணவுகள் வழங்கப்பட்டன. இதனை அரசின் பெருந்தன்மை என்று கொள்வது மிகை. மரக் கப்பலில் அடுப்பு ஆபத்தானது. விறகு இடத்தை அடைக்கும். உலர் உணவுக்குச் சமையற்காரரும் வேண்டியதில்லை.

வறுகடலை சாதியை உடைத்ததாகவும் சொல்ல இயலாது. சாதி உடையாமல் கடலைக் கடக்க அது வழி செய்தது. உடைப்பு நிகழ்ந்தது கரையில். பல மாகாணங்களிலிருந்து வந்த ஆண் பெண் கைதிகள் குடியேற்றத்தில் மணம் செய்துகொண்டனர். அவர்கள் வழித்தோன்றிய 'உள்ளூர்ப் பிறப்பினர்' சமூகத்தில் பழைய உணவு விலக்குகள் பெரிதும் தளர்ந்தன. விலக்குகள் தளர்ந்தபின் வறுகடலை வெறும் தீனியாயிற்று.

மணல் வறுவலின் நுட்பம் எளியது. உப்பும் மஞ்சளும் கலந்த நீரைச் சிறிது தெளித்து ஊறவிட்ட கடலையைக் கொதிமணலில் கொட்டுவர். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் புடைக்கையில் தோல் வெடித்து, பருப்பு நொய்மையாகும். (இந்தத் தெளிநீரை ஆசாரம் எப்படிக் கண்டும் காணாததுபோல் விட்டது என்பது தனி ஆய்வுக்குரியது.) வீட்டில் மணலுக்குப் பதில் மின்னடுப்பு உதவுகிறது. இரவு முழுதும் ஊறவைத்து, குழையாமல் வேகவைத்து, துணியில் பரப்பி ஈரம் முற்றும் போக்கவேண்டும். சிறிது எண்ணெய் பிசிறி 200 பாகை வெப்பத்தில் 30 முதல் 40 நிமிடம் வறுத்தபின், சூடு ஆறுமுன் உப்பும் மிளகாய்த்தூளும் சீரகத்தூளும் தூவலாம். உலர்ந்த கடலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம், நார்ச்சத்தும் மிகுதி. எண்ணெயில் பொரித்த மிக்சரைவிட இது நல்ல தீனி என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஊறி, வெந்து, பிறகு வறுபடும் இந்தக் கடலை பழைய விதிப்படி 'பத்து'. வறுகடலையை மென்றே நாட்களைக் கழித்த அந்தக் கைதி இதனைத் தொட்டிருக்கமாட்டான்.

தீவின் ஈரக்காற்றுக்கு எந்த வறுவலும் தப்புவதில்லை. நன்கு ஆறுமுன் மூடினால் டப்பாவுக்குள்ளேயே வியர்த்துவிடும். ஆறியபின் திறந்து வைத்தாலோ மழைக்காலத்தில் சில மணி நேரத்திலேயே நமுத்துப்போகும்.