கென்னடி மறைத்த நோயும் கேட்கப்படாத கேள்வியும்

1963 நவம்பர் 22 ஆம் திகதி டல்லஸ் நகரின் பார்க்லண்ட் வைத்தியசாலைக்கு அமெரிக்க ஜனாதிபதி ஜோன் எஃப். கென்னடி கொண்டுவரப்பட்டபோது அவர் உயிர் பிழைப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இருக்கவில்லை. எனினும் வைத்தியர்கள் தங்களால் இயன்ற அனைத்தையும் செய்தார்கள். அந்தச் சில நிமிடங்களில் அவருக்குச் செலுத்தப்பட்ட மருந்துகளில் ஒன்று ஹைட்ரோகோர்ட்டிசோன். துப்பாக்கிக் காயத்துக்கான மருந்தல்ல அது. ஜனாதிபதிக்கு அதிரீனல் சுரப்பிக் குறைபாடு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்ததால் முன்னெச்சரிக்கையாக அதனைக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், தேர்தலில் வெற்றிபெற்ற கையோடு பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது தனக்கு அடிசன் நோய் ஒருபோதும் இருந்ததில்லை என்று கூறியவர் இதே கென்னடிதான்.

உலகின் மிகவும் சக்திவாய்ந்த பதவியை வகித்த ஒரு மனிதர் நாள்தோறும் ஹோர்மோன் மருந்துகளில் தங்கி வாழ்ந்தார் என்பதும் அந்த உண்மை எவ்வாறு மறைக்கப்பட்டது என்பதும் ஒரு பத்திரிகையாளன் என்ற வகையில் என்னை நீண்டகாலமாகச் சிந்திக்க வைத்து வந்திருக்கின்றன.

இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல அமர்ந்திருக்கும் சிறிய சுரப்பிகளே அதிரீனல் சுரப்பிகள். அவை சுரக்கும் கோர்ட்டிசோலும் அல்டோஸ்டெரோனும் இல்லையென்றால் இரத்த அழுத்தம் வீழ்ச்சியடையும்; உடலில் உப்பு தங்காது; சாதாரண காய்ச்சலே உயிரைப் பறித்துவிடும். இச்சுரப்பிகள் பழுதடைவதால் ஏற்படும் நோயை லண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ் அடிசன் 1855 ஆம் ஆண்டில் விரிவாக விவரித்தார். அக்காலத்தில் அந்நோய்க்குப் பெரும்பாலும் காசநோயே காரணமாக இருந்தது. சிகிச்சை எதுவும் இல்லை. அடுத்த 80 ஆண்டுகளுக்கும் மேலாக அது மரண தண்டனைக்கு ஒப்பான நோயாகவே இருந்தது.

கென்னடியின் அதிர்ஷ்டம் அவர் பிறந்த காலமே என்று சொல்லவேண்டும். செயற்கை முறையில் டெஸ்டோஸ்டெரோன் தயாரிக்கப்பட்டது 1935 இல். டோகா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அதிரீனல் ஹோர்மோன் 1937 இல் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டது. 1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக கோர்ட்டிசோன் கொடுக்கப்பட்டது. அதற்காக கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காங்கிரஸ் உறுப்பினராகத் தெரிவாகி ஒரு வருடம்கூடப் பூர்த்தியாகாத நிலையில் 1947 செப்டெம்பரில் லண்டனில் கென்னடி கடுமையாக நோயுற்றார். அப்போது அவருக்கு வயது 30. அடிசன் நோய் என்று வைத்தியர் கண்டறிந்தார். கப்பலில் நாடு திரும்பிய அவருக்கு மரணத் தறுவாயில் வழங்கப்படும் கத்தோலிக்கத் திருவருட்சாதனமும் வழங்கப்பட்டது. பொதுமக்களுக்கோ அது யுத்த காலத்தில் தொற்றிய மலேரியா என்று சொல்லப்பட்டது. பொய்யின் முதற்படி அது.

டோகா வில்லைகள் அவரது தோலின் கீழ் வைக்கப்பட்டன. பின்னர் கோர்ட்டிசோன் மாத்திரைகளும் சேர்ந்துகொண்டன. 1954 ஒக்டோபர் 21 ஆம் திகதி நியூயோர்க்கில் அவருக்கு முதுகெலும்பில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதிரீனல் குறைபாடு உள்ளவருக்கு அத்தகைய சத்திரசிகிச்சை எவ்வளவு ஆபத்தானது என்பதை அறிந்தே அவர் அதற்கு இணங்கினார். நோய்த்தொற்று ஏற்பட்டு அவர் மீண்டும் மரணத்தின் வாசல்வரை சென்று திரும்பினார்.

1955 நவம்பரில் அமெரிக்காவின் சத்திரசிகிச்சைச் சஞ்சிகை ஒன்றில் வைத்தியர்கள் அந்த அனுபவத்தை எழுதினார்கள். நோயாளியின் பெயர் இல்லை. 37 வயதான ஆண். ஏழு ஆண்டுகளாக அடிசன் நோய். மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை 150 மில்லிகிராம் டோகா வில்லை. தினமும் 25 மில்லிகிராம் கோர்ட்டிசோன் என்று எல்லா விபரங்களும் அதில் இருந்தன. சத்திரசிகிச்சை நடைபெற்ற திகதியும் இருந்தது. கென்னடி அதே காலத்தில் முதுகில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார் என்பது பத்திரிகைகளில் வெளிவந்த செய்தி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்குப் பெரிய புலனாய்வுத் திறமை தேவையில்லை. ஆனால் அந்த நோயாளி கென்னடியே என்பதை ஜோன் நிக்கல்ஸ் என்ற நோயியல் நிபுணர் மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதியது 1967 இலேயே. அப்போது கென்னடி இறந்து மூன்றரை ஆண்டுகள் கடந்துவிட்டன.

கேள்வி அறவே எழாமல் இருந்ததா என்றால், இல்லை. 1960 ஜூலை 4 ஆம் திகதி, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் மகாநாட்டுக்குச் சற்று முன்னர், லிண்டன் ஜோன்சனின் ஆதரவாளர்கள் கென்னடிக்கு அடிசன் நோய் இருக்கிறது என்று பகிரங்கமாகவே கூறினார்கள். கென்னடி தரப்பு அதற்குப் பதிலளித்த விதம் அரசியல் சொற்சாலத்துக்கு ஒரு பாடம். சம்பிரதாயபூர்வமாக அடிசன் நோய் என்று விபரிக்கப்படும் நோய் அவருக்கு இல்லை என்றார்கள். அதாவது, காசநோயினால் சுரப்பி அழிவது மாத்திரமே அடிசன் நோய் என்று ஒரு குறுகிய வரைவிலக்கணத்தை எடுத்துக்கொண்டு, அது அவருக்கு இல்லை என்று மறுத்தார்கள். அவரது சுரப்பி இயங்குகிறதா என்ற கேள்விக்கு நேரடியான பதில் இல்லை. பத்திரிகைகளும் அத்துடன் திருப்தியடைந்தன.

6 கோடி 80 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் அளிக்கப்பட்ட அந்தத் தேர்தலில் கென்னடிக்கும் நிக்சனுக்கும் இடையிலான வித்தியாசம் ஒன்றேகால் இலட்சத்துக்கும் குறைவு. உண்மை தெரிந்திருந்தால் மக்கள் எவ்வாறு வாக்களித்திருப்பார்கள்?

2002 ஆம் ஆண்டில் வரலாற்றாசிரியர் றொபேர்ட் டலெக்குக்கு கென்னடியின் மருத்துவப் பதிவேடுகளைப் பார்வையிடும் வாய்ப்புக் கிடைத்தது. 1962 ஒக்டோபர் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது கென்னடி வழமையைவிடக் கூடுதலான ஹைட்ரோகோர்ட்டிசோனையும் டெஸ்டோஸ்டெரோனையும் உப்பு மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டிருந்தார் என்பதை அப்பதிவேடுகள் காட்டின. எனினும் அம்மருந்துகள் அவரது தீர்மானங்களைப் பாதித்ததற்கான சான்று எதனையும் டலெக் காணவில்லை. உலகம் அணுவாயுதப் போரின் விளிம்பில் நின்ற அந்த 13 நாட்களிலும் நிதானம் இழக்காதவர் அவர்.

இங்கேதான் இந்தக் கதையின் முரண் இருக்கிறது. நோய் அவரைத் தகுதியற்றவராக்கவில்லை. இழந்த ஹோர்மோனை முறையாக ஈடுசெய்தால் ஒரு மனிதன் ஒரு நாட்டையே ஆளலாம் என்பதற்கு அவரே உயிருள்ள சாட்சியாக இருந்தார். அந்தச் சாட்சியத்தைச் சொல்லியிருந்தால் அதே நோயுடன் வாழ்ந்த எத்தனையோ பேருக்கு அது பெரும் ஆறுதலாக இருந்திருக்கும். அவரது சகோதரி யூனிஸுக்கும் அந்நோய் இருந்தது. ஆனால், ஆண்மையும் இளமையும் ஆரோக்கியமுமே தலைமைத்துவத்தின் அடையாளம் என்று நம்பிய ஒரு சமூகத்தில் உண்மையைவிட பொய்யே பாதுகாப்பானதாக அவருக்குத் தோன்றியது.

அந்த நம்பிக்கை இன்னமும் மறையவில்லை. களைப்பு, தூக்கமின்மை, உற்சாகக் குறைவு என்று முறையிடும் நடுத்தர வயது ஆண்களிடம் 'அதிரீனல் சோர்வு' என்ற பெயரைச் சொல்லி ஹோர்மோன் விற்கும் வியாபாரம் இணையத்தில் நடக்கிறது. அப்படியொரு நோய் இருப்பதற்குச் சான்று இல்லை என்று 58 ஆய்வுகளைப் பரிசீலித்த பிரேசில் ஆய்வாளர்கள் 2016 இல் எழுதினார்கள். தேவையின்றி நீண்டநாள் ஸ்டீரொயிட் எடுத்தால், நன்றாக இருக்கும் சுரப்பியும் வேலையை நிறுத்திவிடும். பிறகு மருந்தைத் திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து. மறுபுறத்தில், உண்மையாகவே சுரப்பி செயலிழந்தவருக்கு அதே மருந்துதான் உயிர். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது வைத்தியரின் இரத்தப் பரிசோதனையே தவிர விளம்பரமோ ஊகமோ அல்ல. மருந்து எடுப்பவர் அதனை வீட்டாரிடமும் வைத்தியரிடமும் மறைக்கவும் கூடாது. டல்லஸ் வைத்தியர்கள் ஹைட்ரோகோர்ட்டிசோனைக் கையில் எடுத்தது, மறைக்கப்பட்டிருந்த ஒன்று எப்படியோ அவர்கள் காதில் விழுந்திருந்ததால்தான்.

தலைவர்களின் நோய் அவர்களது சொந்த விடயம் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் ஒரு தலைவர் சொல்ல மறுப்பது வேறு. பொய் சொல்வது வேறு. 1960 இல் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் அறிக்கையிலுள்ள ஒரு சொல்லைப் பிடித்து, "சம்பிரதாயபூர்வமான அடிசன் நோய் இல்லையென்றால், வேறு எந்த வகையான நோய் இருக்கிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு எமது தொழில் இன்றும் வெட்கப்படவேண்டும்.