‘மாரியோ கார்ட் டிஎஸ்’: நெளிந்து ஓடிய வண்டிகளும் இரண்டாகப் பிரிந்த ஆட்டக்காரர்களும்

கையில் வைத்து ஆடும் பந்தய விளையாட்டு ஒன்றைப் பற்றி, அது வெளிவந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகும் அதன் ஆட்டக்காரர்கள் ஒத்த கருத்துக்கு வரவில்லை.

நிண்டெண்டோ நிறுவனம் 2005ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட ‘மாரியோ கார்ட் டிஎஸ்’தான் அந்த விளையாட்டு. நேரான சாலையில் வண்டியை நேராகச் செலுத்தாமல், இடமும் வலமுமாக விடாமல் நெளித்துச் சென்று மற்றவர்களைவிட மிக வேகமாக ஓடும் உத்தி ஒன்று அதில் இருந்தது. பாம்பின் ஓட்டத்தை நினைவுபடுத்துவதால் அதற்கு ‘ஸ்னேக்கிங்’ என்று பெயர் வந்தது. அது திறமையா, ஆட்டத்தைக் கெடுத்த குறுக்குவழியா என்பதுதான் கேள்வி.

‘மாரியோ கார்ட்’ வரிசை 1992ல் ‘சூப்பர் மாரியோ கார்ட்’டுடன் தொடங்கியது. கையடக்கச் சாதனத்துக்கு அதை முதன்முதலில் கொண்டுவந்தது, 2001ல் கேம் பாய் அட்வான்சுக்காக வெளியான ‘சூப்பர் சர்க்யூட்’. இரண்டாவதாக வந்ததுதான் டிஎஸ் பதிப்பு. வட அமெரிக்காவில் 2005 நவம்பர் 14ஆம் தேதியும் ஜப்பானில் டிசம்பர் 8ஆம் தேதியும் அது விற்பனைக்கு வந்தது. முதல் ஆட்டத்தை இயக்கியவர்களில் ஒருவரான ஹிடேகி கொன்னோ இதன் தயாரிப்பாளராக இருந்தார்.

இதுவரை உலகளவில் ஏறத்தாழ 23.6 மில்லியன் பிரதிகள் விற்றுள்ள இந்த ஆட்டம், டிஎஸ் சாதனத்தில் ஆக அதிகம் விற்பனையானவற்றுள் ஒன்று. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிடிக் தளத்தில் அதன் சராசரி 100க்கு 91. ஆக, ஆட்டம் நல்ல ஆட்டமா என்பதில் பெரிய சர்ச்சை ஏதும் இல்லை. அதை எப்படி ஆட வேண்டும் என்பதில்தான் சண்டை.

நெளிவின் நுட்பம்

வளைவுகளில் வண்டியைச் சறுக்கவிட்டுத் திரும்புவது இவ்வரிசையின் அடிப்படைத் திறன். டிஎஸ் பதிப்பில், சறுக்கும்போது திசைப் பொத்தானை இடமும் வலமுமாக விரைந்து அழுத்தினால் சக்கரங்களில் இருந்து பறக்கும் தீப்பொறியின் நிறம் மாறும். அந்நேரம் சறுக்கலை விட்டால் வண்டி ஒரு நொடி பாய்ந்து செல்லும். ‘மினி டர்போ’ எனப்படும் இப்பாய்ச்சல், வளைவைச் சரியாக எடுத்தவருக்கான சிறு பரிசு.

பரிசை வளைவுக்கு மட்டும் என்று ஆட்டம் வரையறுக்கவில்லை. விரல் வேகம் உள்ளவர்கள் நேர்ச்சாலையிலேயே சறுக்கி, ஒரு பாய்ச்சல் முடிவதற்குள் எதிர்ப்பக்கம் சறுக்கி அடுத்ததைப் பெற்றார்கள். இதை மூன்று சுற்றும் நிறுத்தாமல் செய்தால் வண்டி எப்போதும் தன் இயல்பான உச்ச வேகத்துக்கு மேலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

முந்தைய ‘டபுள் டேஷ்’ ஆட்டத்திலும் இதைச் செய்ய முடிந்தது. ஆனால் அது தொலைக்காட்சியில், ஒரே அறையில் ஆடப்பட்டது. அண்ணன் நெளிந்து நெளிந்து ஓட்டி எப்போதும் ஜெயித்தால், தம்பி கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம். டிஎஸ் பதிப்போ இணையம்வழி ஆடக்கூடிய முதல் மாரியோ கார்ட். அறிமுகமே இல்லாத நால்வர், நான்கு ஊர்களில் இருந்து ஒரே தடத்தில் இறங்கினார்கள்.

வண்டித் தேர்வும் மாறிப்போனது. ஒவ்வொரு வண்டிக்கும் வேகம், எடை, கையாளும் தன்மை ஆகியவற்றுடன் சறுக்கலுக்கும் தனி அளவீடு உண்டு. எலும்புக்கூட்டு ஆமையான ‘ட்ரை போன்ஸ்’ ஓட்டும் ‘ட்ரை பாம்பர்’, யோஷியின் முட்டை வடிவ ‘எக் 1’ போன்ற, நெளிவுக்கு ஏற்ற வண்டிகள் இணையத்தில் திரும்பத் திரும்பத் தென்பட்டன. பிடித்த கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து வந்தவர்களுக்குத் தொடக்கக் கோட்டிலேயே முடிவு தெரிந்துவிடும்.

இரு தரப்பு

நெளிவை ஆதரிப்போரின் வாதம் எளிமையானது. அது ஏமாற்று அன்று; ஆட்டத்தின் விதிகளுக்குள் இருப்பது. சாதனத்தில் எதையும் மாற்றாமல், வெளிக்கருவி எதையும் சேர்க்காமல் யாரும் பழகிக்கொள்ளலாம். பழகுவதும் சுலபமல்ல. பாதை குறுகும் இடத்தில் நெளிந்தால் வண்டி ஓரத்துப் புல்லில் இறங்கி வேகம் இழக்கும், சுவரில் மோதும். எந்த இடத்தில் எத்தனை நெளிவு, எதை எங்கே விட்டுவிடுவது என்று தடம் தடமாக மனப்பாடம் செய்ய வேண்டும். தனியாகக் கடிகாரத்துடன் போட்டியிடும் நேரப் பந்தயத்தில் இதைக் குறைசொல்வோர் குறைவு. அங்கு அது கலையாகவே மதிக்கப்படுகிறது.

எதிர்த்தரப்பின் கோபம் வேறு இடத்தில் இருந்து வருகிறது. மாரியோ கார்ட் ஒருபோதும் வேகத்தை மட்டும் பார்த்த ஆட்டம் அல்ல. பின்தங்கியவருக்கு வலிமையான பொருள்களும் முன்னிலையில் இருப்பவருக்குச் சாதாரணமானவையும் கிடைக்கும்படி அது அமைக்கப்பட்டுள்ளது. டிஎஸ் பதிப்பே அந்த வரிசையில் இரண்டைப் புதிதாகச் சேர்த்தது. ஒன்று, எதிராளிகளின் திரையில் மை கொட்டும் ‘ப்ளூப்பர்’ கணவாய். மற்றொன்று, கடைசியில் இருப்பவரைத் தோட்டாவாக மாற்றி முன்னே இழுத்துச் செல்லும் ‘புல்லட் பில்’. எட்டு வயதுக் குழந்தையும் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் ஒன்றாக ஆடலாம் என்ற நம்பிக்கை இந்த ஏற்பாட்டில்தான் நிற்கிறது.

நெளிந்து ஓடுபவர் அந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறார். அரைச் சுற்று முன்னால் இருப்பவரைப் பச்சை ஓடும் சிவப்பு ஓடும் எட்டாது. முதலிடத்தைத் தேடிப்போகும் நீல ஓடு ஒன்றுதான் எட்டும். அதுவும் சில நொடி இழப்புதான். இணையத்தில் எட்டுப் பேருக்குப் பதில் நால்வரே ஆடியதால் தடத்தில் பறக்கும் பொருள்களும் குறைவு. முன்னால் போனவருக்குக் கிட்டத்தட்ட ஆபத்தே இல்லை.

இரண்டு வாதங்களிலும் உண்மை உண்டு. ஆனால் எடை சமமானதன்று. நெளிவு ஏமாற்று இல்லை என்பது சரி; அதனால் அது ஆட்டத்துக்கு நல்லது என்று ஆகிவிடாது. முதன்முறை இணையத்தில் நுழைந்த ஒருவர், வீட்டில் எல்லாக் கோப்பைகளையும் வென்ற பெருமையோடு வந்து, முதல் நேர்ச்சாலை முடிவதற்குள் மூவரும் கண்ணில் இருந்து மறைவதைப் பார்த்தார். அவர் என்ன தவறு செய்தார் என்று ஆட்டம் அவருக்குச் சொல்லவில்லை. பந்தயத்தின்போது எதிராளிகளிடம் கேட்கவும் வழி இல்லை, ஏனெனில் முன்பின் தெரியாதவர்களுக்கு இடையே பேசும் வசதி அதில் கிடையாது.

உடல்வலி பற்றிய புகாரும் வேடிக்கைக்காகச் சொல்லப்பட்டதன்று. டிஎஸ்ஸின் சிறிய திசைப் பொத்தானில் பல நிமிடங்கள் கட்டைவிரலை இடைவிடாமல் தேய்ப்பது வலி தரும். ஜெயிக்க வேண்டுமானால் வலிக்க வேண்டும் என்பது ஒரு குடும்ப விளையாட்டுக்கு விசித்திரமான நிபந்தனை.

தொடர்பைத் துண்டித்தவர்கள்

இணையப் பந்தயம் பற்றி ஆட்டக்காரர்கள் சொல்லும் மற்றொரு குறை, தோற்கும் நிலையில் சாதனத்தை அணைத்துவிட்டு ஓடியவர்கள். நால்வரில் இருவர் போய்விட்டால் மிச்சம் இருப்பது இருவர் பந்தயம்தான். நெளிபவர்கள் வருவதும் மற்றவர்கள் ஓடுவதும் ஒன்றை ஒன்று வளர்த்த பழக்கங்கள்.

இன்னும் சில குறைகளும் இருந்தன. மொத்தம் 32 தடங்கள் இருந்தும் அவற்றில் 20 மட்டுமே இணையத்தில் கிடைத்தன. பலூன் உடைக்கும் சண்டை ஆட்டம் இணையத்தில் இல்லவே இல்லை. நண்பர்களோடு ஆட வேண்டுமானால் 12 இலக்க எண்ணை இரு தரப்பும் பரிமாறிப் பதிந்துகொள்ள வேண்டும். வீட்டில் வைஃபை பரவலாகாத காலம் அது. கணினியில் செருகி டிஎஸ்ஸை இணைக்கும் சிறு கருவியை நிண்டெண்டோ தனியாக விற்றது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களில் இலவச இணைப்புக்கும் ஏற்பாடு செய்தது.

ஒரே அறையில் எட்டுப் பேர்

இணையத்தை விட்டு விலகிப் பார்த்தால் கருத்துகளின் நிறமே மாறுகிறது. பலரும் பாசத்தோடு நினைவுகூர்வது அருகருகே அமர்ந்து ஆடிய பந்தயங்களைத்தான்.

எட்டு டிஎஸ் சாதனங்கள் இணைந்து ஆடலாம். எட்டுப் பேரும் ஆட்டத்தை வாங்கியிருக்க வேண்டியதில்லை. ஒருவரிடம் அட்டை இருந்தால் போதும், மற்றவர்கள் தங்கள் சாதனத்தில் தற்காலிகமாக இறக்கிக்கொள்ளலாம். அப்படி வருபவர்களுக்கு முகமூடி அணிந்த ‘ஷை கை’ கதாபாத்திரம் மட்டுமே, தடங்களும் சிலவே. ஆனாலும் பள்ளி இடைவேளையிலோ நீண்ட பேருந்துப் பயணத்திலோ ஓர் அட்டையைக் கொண்டு எட்டுப் பேர் ஆட முடிந்ததை எந்தக் குறையும் மறைக்கவில்லை. பந்தயத்தில் யாராவது நெளிய ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடித்து நிறுத்திவிடலாம். இணையத்துக்கு அந்த வசதி இல்லை.

சண்டை ஆட்டத்தில் கைவசம் உள்ள பலூன்களைப் பெருக்க, சாதனத்தின் ஒலிவாங்கியில் உண்மையாகவே ஊதலாம். பொது இடத்தில் சாதனத்தை வாயருகே வைத்து ஊதிய சங்கடத்தை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் உண்டு.

தனியாக ஆடியவர்கள் முதலில் பாராட்டுவது தடங்களை. பதினாறு புதிய தடங்களுடன், முந்தைய நான்கு ஆட்டங்களில் இருந்தும் நான்கு நான்காக எடுத்த பதினாறு பழைய தடங்களையும் சேர்த்துக் கொடுத்த முறை இதில்தான் தொடங்கியது. இவ்வரிசையில் அதற்குப் பின் வந்த ஆட்டங்களும் பழைய தடங்களைக் கைவிடவில்லை. இராட்சத விளையாட்டு இயந்திரத்துக்குள் பெரிய உருண்டைகளுக்கு நடுவே ஓட்டும் ‘வாலுயீஜி பின்பால்’, பீரங்கிகள் சுடும் ‘ஏர்ஷிப் ஃபோர்ட்ரெஸ்’ ஆகிய இரண்டும் அடிக்கடி பேசப்படுபவை. இரண்டும் பின்னர் ‘மாரியோ கார்ட் 7’ல் மீண்டும் இடம்பெற்றன.

அதோடு, குறிப்பிட்ட வரிசையில் வாயில்களைக் கடப்பது, காசுகளைத் திரட்டுவது, பெரிய எதிரியை வீழ்த்துவது என்று சிறு சிறு பணிகளைத் தரும் தனிப்பிரிவு ஒன்றும் இருந்தது. வண்டியில் ஒட்டும் சின்னத்தை ஆட்டக்காரரே தொடுதிரையில் வரைந்துகொள்ளலாம். ‘மாரியோ கார்ட் வீ’, ‘மாரியோ கார்ட் 7’, ‘மாரியோ கார்ட் 8’ ஆகிய மூன்றிலும் இவை திரும்ப வரவில்லை. அவற்றை மீண்டும் தர வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு புதிய பதிப்பு அறிவிப்பின்போதும் எழுகிறது. நெளிவுச் சண்டையில் எதிரெதிராக நிற்பவர்களும் இதில் ஒன்றாகவே குரல் கொடுக்கிறார்கள்.

நிறுவனத்தின் பதில்

நெளிவுக்கு நிண்டெண்டோவின் பதில் அடுத்த ஆட்டத்தின் வடிவமைப்பில் கிடைத்தது. 2008ல் வந்த ‘மாரியோ கார்ட் வீ’யில், பொத்தானை இடவலமாக அழுத்தி மினி டர்போவைப் பெறும் முறை நீக்கப்பட்டது. எவ்வளவு நேரம் சறுக்குகிறோமோ அதைப் பொறுத்தே பாய்ச்சல் கிடைக்கும் என்று ஆனது. நேர்ச்சாலையில் அவ்வளவு நேரம் சறுக்கினால் கிடைப்பதைவிட இழப்பதே அதிகம். இணையத்தில் ஆடுவோர் எண்ணிக்கையும் நாலில் இருந்து பன்னிரண்டாக உயர்ந்தது.

புதியவர்கள் மூச்சுவிட்டார்கள். நெளிந்து பழகியவர்களோ, தாங்கள் மாதக்கணக்கில் கற்றது ஒரே நாளில் பயனற்றதாகிவிட்டது என்றும், இனி அதிர்ஷ்டமே வெல்லும் என்றும் வருந்தினர். அந்த வருத்தம் முழுக்க நியாயமற்றதன்று. பன்னிரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் பொருள்களை வீசும்போது, நன்றாக ஓட்டியவர் கடைசிக் கோட்டருகே ஐந்து இடம் பின்தங்குவது சாதாரணமாகிப்போனது.

அடுத்த கையடக்கப் பதிப்பான ‘மாரியோ கார்ட் 7’ 2011 டிசம்பரில் வந்தபோது வேறொரு சிக்கல். ‘மக்கா வூஹூ’ என்ற தடத்தில் வேண்டுமென்றே நீரில் விழுந்தால், ஆட்டம் வண்டியைத் தூக்கி நெடுந்தொலைவு முன்னால் வைத்தது. இது விதியின் ஓட்டை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 2012 மே மாதம் அது உள்ளிட்ட மூன்று தடங்களின் ஓட்டைகளை இணையப் பந்தயங்களுக்கு மட்டும் நிண்டெண்டோ அடைத்தது. விற்ற ஆட்டத்தைத் திருத்தும் அந்த வாய்ப்பு டிஎஸ் காலத்தில் இல்லை. அட்டையில் எழுதி விற்றது எழுதியதுதான்.

‘மாரியோ கார்ட் 8’ல் பாய்ச்சலுக்குப் பின் இடவலமாகத் துள்ளி வேகத்தை நீட்டிக்கும் உத்தியை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். 2017ல் ஸ்விட்ச் சாதனத்துக்கு அதன் புதுப்பதிப்பு வந்தபோது அந்தப் பயன் எடுக்கப்பட்டிருந்தது. அப்போதும் அதே இரு தரப்பு, அதே வாதம்.

டிஎஸ், வீ சாதனங்களுக்கான இணையச் சேவையை நிண்டெண்டோ 2014 மே 20ஆம் தேதி நிறுத்தியது. ரசிகர்கள் சொந்தமாக நடத்தும் சேவையகங்கள்வழி சிலர் இன்னும் ஆடுகிறார்கள். அங்கு வருவோரில் பெரும்பாலோர் பழைய கைகள் என்பதால், நெளியலாமா கூடாதா என்பதைப் பந்தயம் தொடங்குவதற்கு முன்பே பேசி முடிவுசெய்துகொள்ள முடிகிறது.