பாரியின் தலை

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், அங்கே உள்ள இயற்கை வரலாற்று மியூசியத்தை மறக்காமல் எட்டிப் பாருங்கள். கண்ணாடிக்குள் ஒரு நாய் தலைநிமிர்ந்து நிற்கும். பெயர் பாரி. இறந்து இருநூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது!

பாரி வேலை பார்த்த இடம் சாதாரண இடமில்லை. சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் ஆல்ப்ஸ் கணவாய் அது. உயரம் 2,469 மீட்டர். பனிப்புயல் அடித்தால் பாதையே காணாமல் போய்விடும். வழிப்போக்கர்களுக்காக, 11-ம் நூற்றாண்டில் பெர்னார்டு என்ற துறவி அங்கே ஒரு மடம் கட்டினார். 1800-ல் நெப்போலியன் பெரும்படையோடு இத்தாலிக்குப் போனது இந்த வழியாகத்தான். பாரி பிறந்ததும் அதே வருடம்!

மடத்துக்கு நாய்கள் வந்து சேர்ந்தது 17-ம் நூற்றாண்டில். காவலுக்குத்தான் வளர்த்தார்கள். ஆனால், பனி மூடிய பாதையை மோப்பத்தாலேயே கண்டுபிடிக்கும் திறமை அவற்றுக்கு இருப்பது சீக்கிரமே தெரிந்துபோனது. பனிக்கு அடியில் புதைந்து கிடக்கும் மனிதனையும் மூக்கு காட்டிக்கொடுத்தது! பள்ளிக்கூடம், பயிற்சி எல்லாம் கிடையாது. பெரிய நாய்களோடு ஓடி ஓடியே குட்டிகள் தொழில் கற்றுக்கொண்டன. நிதானம், பொறுமை, முன்பின் தெரியாத ஆளிடமும் பிரியம்... இதுதான் அவற்றின் சுபாவம்.

பாரி மட்டும் நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். நாற்பத்தோராவது ஆள் அதை ஓநாய் என்று நினைத்துக் கொன்றுவிட்டான் என்று ஒரு கதை உண்டு. பாரீஸ் அருகே நாய்களுக்கான கல்லறைத் தோட்டத்தில் அதைக் கல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். சுத்தக் கட்டுக்கதை! வயதான பாரி 1812-ல் பெர்ன் நகருக்கு அனுப்பப்பட்டு, நிம்மதியாக ஓய்வெடுத்து, 1814-ல் இறந்தது.

சரி, தலை விஷயத்துக்கு வருவோம்.

பாரியின் எடை நாற்பது சொச்சம் கிலோதான். இன்றைய செயின்ட் பெர்னார்டு எண்பது கிலோவைத் தொடும்! நடுவில் என்ன ஆயிற்று? 19-ம் நூற்றாண்டில் நியூஃபவுண்ட்லாண்டு நாய்களோடு கலந்து பார்த்தார்கள். குட்டிகளுக்கு நீளமான ரோமம் வந்தது. பனியில் அதுவே வினையாயிற்று. ரோமத்தில் ஐஸ் கட்டிக்கொள்ள, பாவம், ஓட முடியவில்லை! பிறகு நாய்க் கண்காட்சிகள் வந்தன. பெரிய உடம்புக்கும் பெரிய தலைக்கும்தான் அங்கே மவுசு.

1923-ல் பாரியின் உடலைப் புதுப்பித்தார்கள். அதுவரை பணிவாகக் குனிந்திருந்த தலையை நிமிர்த்தி, அப்போதைய கண்காட்சி நாய்களுக்கு இருந்ததுபோல் மாற்றி அமைத்தார்கள். அதாவது... பாரியைப் பார்த்து நாய்களை வளர்க்கவில்லை. நாய்களைப் பார்த்து பாரியைத் திருத்திவிட்டார்கள்!

இன்று மலையில் தேடும் வேலையை ஹெலிகாப்டரும், எடை குறைந்த வேறு ஜாதி நாய்களும் பார்த்துக்கொள்கின்றன. துறவிகளின் நாய்களை 2005-ல் ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. பெயர் – பாரி அறக்கட்டளை.

பனிக்கு அடியில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்கள், தோண்டிக்கொண்டு வந்த நாயின் தலை பெரிதா, சிறிதா என்று பார்த்திருப்பார்களா என்ன?