தோற்றவர் எழுந்திருக்கணும்!

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி. வாசலில் வாழை மரம் இல்லை, நாதஸ்வரம் இல்லை. கூட்டம் மட்டும் முகூர்த்தக் கூட்டம்! உள்ளே போனால் சாப்பாட்டுப் பந்தி மாதிரியே நீள நீளமாக மேஜைகள். இலை போட வேண்டிய இடத்தில் செஸ் போர்டுகள். ஒரு போர்டுக்கு ஒரு பக்கம் எட்டு வயசுப் பொண்ணு, எதிர்ப்பக்கம் மீசை நரைத்த பெரியவர். அம்மாக்கள் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டுமாக ஓரத்தில் நிற்கிறார்கள். சுவரில் 'யாருக்கு யார்' என்று பட்டியல் ஒட்டியதும் ப்ளஸ் டூ ரிசல்ட் மாதிரி எல்லோரும் பாய்ந்தார்கள்.

என் அக்கா பையனும் பாய்ந்தான். திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து அவனைக் கூட்டி வந்தது நான். பத்து வயசு. பட்டியலைப் பார்த்துவிட்டு முகம் தொங்கித் திரும்பி வந்தான்.

''மாமா, எனக்கு ரேட்டிங்கே கிடையாது. எனக்கு எதிரா போட்டிருக்கிற அண்ணனுக்கு ஆயிரத்து எண்ணூறுக்கு மேல! இது அநியாயம் இல்லையா?''

அவனுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், இதே கேள்வியால் ஒரு செஸ் கூட்டமே செத்துப் போனதை நான் திண்டிவனத்தில் பார்த்திருக்கிறேன்.

அது 90-களின் ஆரம்பம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு படிப்பகம். அங்கே ஒரே ஒரு செஸ் போர்டு. கறுப்பில் ஒரு சிப்பாய் தொலைந்து, அதற்குப் பதில் சோடா மூடி. மாலை ஆனால் பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொள்வோம். சட்டம் ஒன்றுதான்: தோற்றவர் எழுந்திருக்கணும், ஜெயித்தவர் உட்கார்ந்திருக்கலாம். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால், எங்களிடம் ஓர் அண்ணன் இருந்தார். பேர் வேண்டாம். அவர் எழுந்திருக்கவே மாட்டார்! நேற்றுதான் குதிரை எப்படிப் போகும் என்று கற்றுக்கொண்ட பையனோடு ஆடினாலும் ஒரு காய்க்குக் கால் மணி நேரம் யோசிப்பார். ஜெயித்ததும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள். ஆறே மாதத்தில் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் அந்த மேஜைக்குக் கேரம் போர்டு வந்துவிட்டது.

நன்றாக ஆடுகிறவனையும் சுமாராக ஆடுகிறவனையும் ஒரே கூரையின் கீழ் எப்படி வைத்துக்கொள்வது? கெட்டிக்காரனுக்குச் சலிப்பு வரக் கூடாது, கத்துக்குட்டிக்கு அவமானம் ஆகக் கூடாது. இந்தத் தலைவலி உலகத்துக்கே ரொம்பப் பழசு.

பாரிஸில் 'கஃபே த லா ரெஜான்ஸ்' என்று ஒரு காபிக் கடை இருந்தது. 18-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய செஸ்ஸுக்கு அதுதான் தலைநகரம். ரூசோ அங்கே ஆடியிருக்கிறார், திதெரோ வேடிக்கை பார்த்திருக்கிறார். அந்தக் கடையின் ராஜா ஃபிலிதோர். தொழிலால் ஓபரா இசையமைப்பாளர். செஸ்ஸிலோ, அவருக்கு நேராக உட்கார ஆள் கிடையாது. அப்படிப்பட்டவரோடு ஒரு சாதாரண ஆள் ஆட வேண்டுமானால் என்ன செய்வது? ஃபிலிதோரே தன் காய்களில் ஒன்றை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஆடுவார். எதிராளி கொஞ்சம் தேறியவர் என்றால் ஒரு சிப்பாய். ரொம்ப சுமார் என்றால் குதிரை. படுமோசம் என்றால் யானையையே எடுத்துவிட வேண்டியதுதான். நம் தெருவில் ஓட்டப் பந்தயம் வைக்கும்போது சின்னப் பையன்களைப் பத்தடி முன்னால் நிறுத்துவோமே, அதே கணக்கு!

ஏற்பாடு சுவாரஸ்யமானதுதான். இரண்டு பக்கமும் வியர்வை சிந்தி ஆடலாம். ஆனால், ஒரு குறை. குதிரை இல்லாத ஃபிலிதோரை ஜெயித்தவன் ஃபிலிதோரை ஜெயித்தவன் ஆக மாட்டான். அதைவிட, 'நீ என்னைவிட ஒரு குதிரை மட்டம்' என்று ஊரறிய எழுதி ஒட்டின மாதிரி ஆகிவிடுகிறது. ஆட்டம் போட்டியாக மாறியபோது இந்தப் பழக்கம் மெல்லக் கழன்றது.

அதன் இடத்துக்கு வந்தது ஸ்விட்சர்லாந்துக்காரர்களின் மூளை. 1895-ல் ஜூரிக் நகரில் நடந்த செஸ் போட்டியில் ஜூலியஸ் முல்லர் என்பவர் ஒரு புது முறையை அமல்படுத்தினார். யாரையும் வெளியே அனுப்பக் கூடாது, தோற்றவரும் கடைசிச் சுற்று வரை ஆடலாம். ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட ஒரே புள்ளி வைத்திருப்பவர்களை மோதவிடுவார்கள். 'ஸ்விஸ் முறை' என்று இன்றைக்கும் பேர். முதல் சுற்றில் ஜெயித்தவன் ஜெயித்தவனோடு, தோற்றவன் தோற்றவனோடு என்று போகப் போக ஒவ்வொருவரும் தன் உயரத்துக்குத் தகுந்த எதிராளியிடம் தானாகவே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அசல் சல்லடை!

ஆனால், முதல் சுற்றில் சல்லடை இன்னும் ஆட ஆரம்பிக்கவில்லையே? அதற்குத்தான் பட்டியலை நடுவில் வெட்டி, மேல் பாதியைக் கீழ்ப் பாதியோடு மோதவிடுகிறார்கள். 200 பேர் இருந்தால் முதலாம் ஆள் 101-வது ஆளோடு. என் அக்கா பையன் மாட்டியது இதில்தான். 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் 180-க்கும் மேற்பட்ட நாட்டு அணிகள் வந்தனவே, அங்கேயும் இதே கதை. இந்தியாவின் முதல் அணி முதல் சுற்றில் ஜிம்பாப்வேயைச் சந்தித்து 4-0 என்று முடித்தது. ஜிம்பாப்வேக்காரர்கள் பெட்டி கட்டவில்லை. மறுநாள் அடுத்த போர்டில் வேறொரு நாட்டோடு உட்கார்ந்தார்கள்.

சரி, யார் மேல் பாதி, யார் கீழ்ப் பாதி என்று எப்படித் தெரியும்? அதைச் சொன்னவர் அர்பாத் ஏலோ. ஹங்கேரியில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போய், மில்வாக்கியில் பௌதிகப் பேராசிரியர் ஆனவர். அவர் போட்ட கணக்கை 1960-ல் அமெரிக்க செஸ் சம்மேளனமும், 1970-ல் உலக செஸ் சம்மேளனமும் ஏற்றுக்கொண்டன. பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெயித்தவர் பேரில் வரவு, தோற்றவர் பேரில் பற்று. ஆனால் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். தன்னைவிட பலவீனமானவரை ஜெயித்தால் சில்லறைதான் கிடைக்கும். பெரிய ஆளைச் சாய்த்தால் மூட்டையாக வரும். இதில் ஒரு வேடிக்கை... இப்போதைய விதிப்படி சிறுவர்களுக்கும் புதியவர்களுக்கும் பெருக்கல் எண் 40, வளர்ந்த சாதாரண ஆட்டக்காரருக்கு 20. ஆக, ரேட்டிங் உள்ள ஒரு பையன் பெரியவரை ஜெயித்தால், பெரியவரிடமிருந்து போனதைப்போல இரண்டு மடங்கு பையன் கணக்கில் ஏறும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவே ஆகாது. எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் பார்த்தால் மயக்கம் போட்டுவிடுவார்!

ஆனால், ஆரம்பத்தில் அந்தப் பேரேட்டில் நம்ம ஊர் ஆட்களுக்கு இடமே கிடையாது. 2200-க்குக் கீழே இருப்பவர்களை உலகப் பட்டியலில் சேர்க்கவே மாட்டார்கள். படிப்படியாக இறக்கி, 2012-ல் 1000 வரை கொண்டுவந்தார்கள். 2024-ல் மறுபடி 1400 என்று ஏற்றிவிட்டார்கள். அது வேறு கதை.

அப்படியானால், ரேட்டிங் என்பது கைக்கு எட்டாத காலத்தில் நம்ம ஊரில் பெரிய ஆட்டக்காரர்களும் பொடியன்களும் எங்கே சந்தித்துக்கொண்டார்கள்? இங்கேதான் மானுவேல் ஆரோன் வருகிறார்.

1935-ல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1959-லிருந்து 1981-க்குள் ஒன்பது தடவை தேசிய சாம்பியன். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பிடித்த வருஷம் 1962. ஸ்டாக்ஹோமில் இன்டர்ஸோனல் போட்டி. உலக சாம்பியன் பட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு படிக்கட்டு அது. 23 பேர், 22 ஆட்டங்கள். பதினெட்டு வயசு பாபி ஃபிஷர் பதினேழரைப் புள்ளியோடு முதலிடம். இந்தியாவின் நம்பர் ஒன் ஆரோன்? 4 புள்ளியோடு 23-வது. கடைசி!

நம் பத்திரிகை பாஷையில் சொன்னால் 'படுதோல்வி'. கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அந்த நாலு புள்ளிக்குள் ஹங்கேரியின் போர்டிஷையும், கிழக்கு ஜெர்மனியின் ஊல்மனையும் ஜெயித்தது இருக்கிறது. இருவருமே உலகம் அறிந்த கிராண்ட் மாஸ்டர்கள். கடைசி மேஜையில் இருந்துகொண்டே இரண்டு மலைகளை உருட்டியவர் அவர்.

பத்து வருஷம் கழித்து, 1972-ல், சென்னை சோவியத் கலாசார மையத்தில் அவர் ஒரு கிளப் தொடங்கினார். 1960-ல் 23 வயசிலேயே உலக சாம்பியனான ரீகா நகரத்து மிகயீல் டால் பெயரில் 'டால் செஸ் கிளப்'. காலத்தைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் இந்தியாவும் சோவியத்தும் நட்புறவு ஒப்பந்தம் போட்டிருந்தன. அதே 1972-ல்தான் ஐஸ்லாந்தில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மோதி, உலகமே செஸ் பேசிக்கொண்டிருந்தது. ரஷ்யர்களுக்கு செஸ் என்பது தூதரக வேலையில் ஒரு பகுதி. இடமும் புத்தகமும் கொடுத்தார்கள். நம்ம ஆட்களுக்குக் கசக்குமா?

அந்தக் கிளப்புக்கு எழுபதுகளின் கடைசியில் ஓர் ஒல்லிப் பையன் வர ஆரம்பித்தான். அம்மா சுசீலாவிடம் ஆறு வயசில் ஆட்டம் கற்றவன். விஸ்வநாதன் ஆனந்த். நடுவில் அப்பாவின் ரயில்வே வேலைக்காகக் குடும்பம் மணிலா போனது. அங்கே டி.வி-யில் தினம் ஒரு செஸ் புதிர் போடுவார்கள், சரியாக விடை எழுதினால் புத்தகம் பரிசு. ஆனந்த் ஜெயித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் நிகழ்ச்சிக்காரர்களே, 'வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கோப்பா, இனிமே புதிர் மட்டும் அனுப்பாதே' என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்! ரொம்பக் கெட்டிக்காரனை என்ன செய்வது என்று தெரியாதபோது எல்லோரும் செய்வதுதான், வெளியே நிறுத்துவது.

டால் கிளப்பில் அப்படி நிறுத்தவில்லை. அங்கே இருந்த சட்டம் என்ன தெரியுமா? தோற்றவர் எழுந்திருக்கணும். ஜெயித்தவர் உட்கார்ந்திருக்கலாம்!

ஆமாம், எங்கள் திண்டிவனம் படிப்பகத்தைக் காலி பண்ணிய அதே சட்டம். ஒரு இடத்தில் கூட்டத்தைக் கலைத்தது, இன்னொரு இடத்தில் உலக சாம்பியனை உருவாக்கியது எப்படி?

நான் யோசித்துப் பார்த்தவரை முதல் காரணம் கடிகாரம். டால் கிளப்பில் அந்த வரிசை ஆட்டங்கள் பிளிட்ஸ். மொத்தமே சில நிமிஷம்தான். மகா மேதையாக இருந்தாலும் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியாது, முள் கீழே விழுந்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் வரிசை நகர்ந்தது. எங்கள் அண்ணனுக்கு முன்னால் மட்டும் அப்படி ஒரு கடிகாரம் இருந்திருந்தால்!

இரண்டாவது, அங்கே ஜாம்பவான்கள் ஒருத்தர் இல்லை, பலர். இன்று உட்கார்ந்திருப்பவர் அரை மணியில் எழுந்துவிடுவார். எழுந்தவர் வரிசையின் கடைசிக்குப் போய், அரை டிராயர் பையனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். யாரோடு ஆடுவது என்று தேர்ந்தெடுக்கிற உரிமை யாருக்கும் இல்லை. பெரிய ஆட்டக்காரர் 'இந்தப் பொடியனோடா?' என்று முகம் சுளிக்க முடியாது. அடுத்து வரிசையில் யாரோ அவர்தான் எதிராளி. இந்த ஒரு விஷயம் ஒழுங்காக இருந்துவிட்டால் கத்துக்குட்டி எத்தனை தடவை தோற்றாலும் திரும்பி வருவான் என்பது என் கட்சி.

அதற்காக அது சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. சுமாராக ஆடுகிறவர்களுக்கு அந்தச் சட்டம் கடுமையானதுதான். இருபது பேர் நிற்கும் வரிசையில் காத்திருந்து, மூன்றே நிமிஷத்தில் தோற்று, மறுபடி கடைசிக்குப் போவது லேசுப்பட்ட விஷயமா? அந்த வரிசைக்குப் பயந்துதான் ஆனந்த் வேகமாக ஆடவும், சீக்கிரம் ஜெயிக்கவும் கற்றுக்கொண்டார். 1983-ல் தேசிய சப்-ஜூனியர் போட்டியில் ஒன்பதுக்கு ஒன்பது. 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டர். 'மின்னல் பையன்' என்று உலகம் கூப்பிட்டது. ஆனால் அதே வரிசையில் சலித்துப்போய் வீட்டுக்குப் போனவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் பேரை யாரும் எழுதி வைப்பதில்லை.

இப்போது தெருவுக்குத் தெரு செஸ் அகாடமி. தொடக்க நிலை, நடு நிலை, உயர் நிலை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீஸ். 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் பதினெட்டு வயசில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து கேட்கவே வேண்டாம். பிரித்துச் சொல்லிக் கொடுப்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு வயசும் அறுபது வயசும் எதிரெதிரே உட்காருவதைப் பார்க்க இந்தக் கல்யாண மண்டபங்களுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

அன்று விழுப்புரத்தில் என்ன ஆச்சு என்று சொல்லவில்லையே... முதல் சுற்றில் பையன் இருபத்திரண்டு காய் நகர்த்தலில் காலி. இரண்டாவதும் தோல்வி. மூன்றாவதில் டிரா. சல்லடை ஆடி ஆடி, ஐந்தாவது சுற்றில் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் ரிட்டயர்டு பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டது. ஒன்றரை மணி நேரம் ஆடி ஜெயித்துவிட்டான்!

''தம்பி, ஓடாதே, உக்காரு. நான் எங்க கோட்டை விட்டேன்னு பார்க்கலாம்'' என்றார் பெரியவர். இரண்டு பேரும் காய்களை மறுபடி அடுக்க ஆரம்பித்ததும் நடுவர் வந்து விரட்டினார். ஆட்டம் நடக்கிற ஹாலில் அனலைஸ் பண்ணக் கூடாதாம். போர்டைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போனார்கள். கவிழ்த்து வைத்த அண்டா மேல் போர்டு. சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். முதல் சுற்றில் இவனை அடித்த அந்த ஆயிரத்து எண்ணூறும் தலையை நீட்டி, ''குதிரையை இங்க வெச்சிருக்கணும் சார்'' என்றது.

''டேய், நாலரை பஸ்ஸு போயிடும்டா'' என்றேன்.

''அடுத்ததுல போலாம் மாமா'' என்றான், போர்டிலிருந்து தலையைத் தூக்காமல்.