பீரோ மேல தூங்குற லேப்டாப்பை எழுப்புங்க!

பிளஸ் டூ-வில் கவர்ன்மென்ட் கொடுத்த லேப்டாப் இப்போ எங்கே இருக்கு? 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய பிறகு, மொரப்பூர் மாதிரி ஊர்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான். திருப்பூருக்கு ரயிலோ, பெங்களூருக்கு பஸ்ஸோ ஏறினவங்க அதை பீரோ மேலேயே விட்டுட்டுப் போயிருப்பாங்க. கீபோர்டில் நாலு எழுத்து வேலை செய்யாது. பரவாயில்லை, பழைய இரும்புக்குப் போடாதீங்க. வீட்டு சர்வரா மாத்தலாம்.

சர்வர்னா பயப்பட ஒண்ணுமில்லை. எந்நேரமும் ஆன்ல இருந்து, வீட்டு வைஃபையில் இருக்கிற போன்களோட ஃபைல்களை வாங்கி வச்சு, கேட்டா திருப்பிக் கொடுக்கிற கம்ப்யூட்டர், அவ்வளவுதான். 15 வாட் இழுத்தாலும் ரெண்டு மாசத்துக்கு 22 யூனிட்டுக்குள்ள முடியும். கரன்ட் பில் பெருசா ஏறாது.

முதல்ல லேப்டாப்பைத் திருப்பி பேட்டரியைப் பாருங்க. உப்பியிருந்தா கடையில் கொடுத்துக் கழற்றிடணும். அதோட சார்ஜில் விடவே கூடாது. நல்லா இருந்தா கரன்ட் போகும்போது அதுவே குட்டி யுபிஎஸ். அப்புறம் டெபியன் லினக்ஸ் போட்டு, மூடியை மூடினாலும் தூங்காத மாதிரி செட்டிங் மாத்துங்க.

இதில் என்னென்னவோ ஓட்டலாம். ஆனா என்னைக் கேட்டா, முதல் வேலை போட்டோதான். கூகுள் போட்டோஸ் 2021 ஜூனிலேயே அன்லிமிடெட் இலவசத்தை நிறுத்திடுச்சு. இப்போ ஜிமெயிலையும் சேர்த்து மொத்தமே 15 ஜிபி. தாத்தா பேசின கடைசி வீடியோ அம்மாவோட ஒரே ஒரு போனில், நூறு குட்மார்னிங் படங்களுக்கு நடுவுல இருக்கும். அந்த போன் தண்ணியில் விழுந்தா?

ராம் 6 ஜிபியாவது இருந்தா 'இம்மிச்' போடுங்க. போனில் எடுக்கிற படங்கள் தானா சர்வருக்குப் போயிடும், முகத்தை வச்சுத் தேடவும் முடியும். 2 ஜிபி ராம்தான்னா 'சிங்திங்' போதும். ஒரு எச்சரிக்கை: சிங்திங்கில் போனில் அழிச்சா சர்வரிலும் அழியும். பழைய பிரதியை வச்சிருக்கிற 'ஃபைல் வெர்ஷனிங்' வசதியை ஆன் பண்ணிடுங்க. பத்து வருஷ ஹார்ட் டிஸ்க்கை நம்பவும் முடியாது. மாசம் ஒரு தடவை எக்ஸ்டர்னல் டிஸ்கில் இன்னொரு காப்பி எடுத்தே ஆகணும்.

மத்ததெல்லாம் ஜாலிக்கு. 'கிவிக்ஸ்'ல தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமா இறக்கி வச்சா, கேபிள் அறுந்து நெட் இல்லாத நாளிலும் தம்பி ஹோம்வொர்க் எழுதலாம். 'ஜெல்லிஃபின்' இருந்தா அக்கா கல்யாண வீடியோ பென்டிரைவ் இல்லாம டிவியில் ஓடும். 'பை-ஹோல்' வெப்சைட் விளம்பரங்களைத் தடுக்கும். யூடியூப் விளம்பரம் மட்டும் அதுக்கு அடங்காது.

வெளியூரிலிருந்து பார்க்கணுமா? யாரோ சொன்னாங்கன்னு ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து விடாதீங்க, திருடனுக்குக் கதவு திறந்த மாதிரி. 'டெய்ல்ஸ்கேல்' போட்டா உங்க போனுக்கும் சர்வருக்கும் மட்டும் தனி வழி கிடைச்சிடும்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ முதல்ல அம்மா போனை இணைச்சுக் கொடுங்க. முதல் தடவை விடிய விடிய ஓடும். போனை சார்ஜர்ல போட்டுட்டுத் தூங்குங்க.