பத்தாவது தங்குமிடம்

முல்லைத்தீவு மாவட்டத்தின் நந்திக்கடல் ஓரத்திலே வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் அமைந்துள்ளது. மதுரையை எரித்த கண்ணகி, சினந்தணிய ஈழத்துக்கு வந்து பல இடங்களிலே தங்கினாள் என்பதும், பத்தாவதாகத் தங்கிய இடமாதலின் இது பத்தாப்பளை எனப்பட்டுப் பின்னர் வற்றாப்பளை என மருவிற்று என்பதும் ஐதிகம்.

ஆகவே, வந்து தங்குதலே இத்தலத்தின் பெயருக்குப் பொருளாயிற்று. வைகாசிப் பொங்கலுக்கு வன்னியின் ஊர்களிலிருந்து அடியார்கள் முற்காலத்தில் கூடார வண்டில்களிலே வந்தனர். வண்டிலே அவர்களுக்கு வீடு, மரநிழலே முற்றம். அரிசியும் பானையும் உடன்வந்தன. கரையிலே அடுப்பு மூட்டிப் பொங்கிப் படைத்து, இரவும் அங்கேயே தங்கினர். கடல்நீரை முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொணர்ந்து, அந்நீரிலே விளக்கேற்றும் வழக்கம் இன்றும் உண்டு.

2009ஆம் ஆண்டிலே, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், போரினாற் பெயர்ந்த பெருந்தொகை மக்கள் தறப்பாளின் கீழும் பதுங்கு குழியிலும் தங்க நேர்ந்தது. அவர்களுட் பலர் மீளவில்லை. மீண்டோர் பின்னாளில் ஊர் திரும்பினர். பொங்கலும் மீண்டும் நடைபெறலாயிற்று. இப்பொழுது வண்டில்களுக்குப் பதிலாகப் பேருந்துகளும் உழவு இயந்திரங்களும் வருகின்றன. இழந்தோரை நினைந்து விளக்கேற்றுவோரும், நேர்த்திக்குப் பொங்குவோரும் வைகாசியிலே இக்கரையோரத்தை நாடி வருகின்றனர்.