எல்லைகள் மாறிய திருவாலங்காடு



எங்கள் வீட்டுப் பெட்டியில் சில பழைய சான்றிதழ்கள் உள்ளன. அவற்றின்படி, 1911க்கு முன் பிறந்த என் பாட்டனார் வட ஆர்க்காடு மாவட்டத்தார். தந்தையார் சித்தூர் மாவட்டத்தார். நான் செங்கற்பட்டு மாவட்டத்தான். என் பேத்தியோ திருவள்ளூர் மாவட்டத்தாள். ஆயினும் நால்வருக்கும் ஊர் ஒன்றே, அது திருவாலங்காடு. இப்புதிரை விடுவிப்பதே இன்றைய என் பேச்சு.

சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையை அடுத்து உள்ளது எம்மூர். 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் ஓடிய தென்னாட்டின் முதல் புகைவண்டி இவ்வழியேதான் சென்றது. வடமேற்கே திருத்தணிக் குன்றுகள். இவ்வட்டாரத்தில் ஓடும் கொசத்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. ஆலமரக் காடாக இருந்தமையால் ஆலங்காடு எனப் பெயர் பெற்றது என்பர். காரைக்காலம்மையார் பாடிய தலம் இது. கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் இரத்தின சபையும் இதுவே.

1905இல் இங்கு முப்பத்தொரு செப்பேடுகள் கிடைத்தன. முதலாம் இராசேந்திர சோழன், தன் ஆறாம் ஆட்சியாண்டில், அருகிலுள்ள பழையனூரை இக்கோயிலுக்கு அளித்த செய்தியை அவை கூறுகின்றன. சோழர் வரலாற்றை எழுதியவர்களுக்கு அவற்றிலுள்ள அரச மரபு வரிசை பெருந்துணையாயிற்று. அக்காலத்தில் தானமளித்த ஊரின் எல்லையைப் பெண்யானையை நடத்திச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டு உறுதி செய்வது வழக்கம். அன்று எம்மூர் சயங்கொண்ட சோழ மண்டலத்தைச் சார்ந்திருந்தது.

பிற்கால எல்லைகளோ காகிதத்தில் வரையப்பட்டவை. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது இப்பகுதி அதனுள் சென்றது. 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அதனோடு சேர்ந்தது. வடவெல்லைப் போராட்டத்தில் ம. பொ. சிவஞானம் முன்னின்றார். படாஸ்கர் பரிந்துரையின் வழியே, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது.

கோடு எங்கு விழுந்தாலும் இருபுறமும் இருமொழியாளரும் எஞ்சினர். எங்கள் தெருவில் தெலுங்கில் பேசித் தமிழில் கணக்கெழுதிய பெரியவர்களை நான் கண்டதுண்டு. ஆட்சிக்கு எல்லை வேண்டும். அண்டை வீட்டாரின் அன்புக்கு அது வேண்டுவதில்லை.

உங்கள் வீட்டுப் பழம்பத்திரங்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்கள் ஊரின் வரலாறு அங்கிருந்தே தொடங்கக்கூடும்.